'நானோ' வல்லாரை ஜெல்: தோலுக்குள் எது போகிறது, எது போவதில்லை?

கேள்வி: 11 ஜனவரி 2025, பட்டர்வொர்த் வாசகர்

அக்கா, அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் வல்லாரையும் மஞ்சளும் சேர்ந்த "நானோ லிப்போசோம்" ஜெல் 89 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) விற்கிறார்கள். சாதாரணத் தைலமெல்லாம் தோலுக்கு மேலேயே நின்றுவிடுமாம். இது மட்டும் நேராக மூட்டுக்குப் போகுமாம். நீங்கள் கிரீம் தயாரிக்கும் இடத்தில் வேலை செய்கிறவர். வாங்கலாமா?

11 ஜனவரி, இரவு 10.20

இப்போதைக்கு வாங்காதீர்கள். கடைக்காரர் சொன்னதில் முதல் பாதியே தவறு. சாதாரணத் தைலம் தோலுக்கு மேலே நின்றுவிடுவதில்லை. அதிலிருக்கும் கற்பூரம், மெந்தால், மெத்தில் சாலிசிலேட் மூன்றுமே சின்ன மூலக்கூறுகள். எடை 150 டால்டனை (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) ஒட்டி இருக்கும், எண்ணெயில் எளிதாகக் கரையும். இந்த இரண்டு குணமும் சேர்ந்தால் தோல் வழிவிடும். நம் பினாங்கு ஜாதிக்காய்த் தைலத்தில் உள்ள மிரிஸ்டிசினும் 192 டால்டன்தான். அதற்கு யாரும் லிப்போசோம் என்ற நுண்ணிய 'நானோ' பை செய்து தர வேண்டியதில்லை.

இரண்டாம் பாதிக்கு நிறைய எழுத வேண்டும். நாளைக்கு.

12 ஜனவரி, காலை

தோலின் வெளிப்படலம் செத்த செல்களால் ஆனது. தடிமன் 10 முதல் 20 மைக்ரோமீட்டர்தான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு. ஆனாலும் மருந்துக்காரர்களை இத்தனை காலம் தடுத்து நிறுத்தியிருப்பது அதுதான். செல்கள் மதிலில் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். இடையிடையே செராமைடு என்ற கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் காரையாக நிரம்பியிருக்கும். உள்ளே போகிற பொருள் பெரும்பாலும் அந்தக் காரை வழியே வளைந்து வளைந்துதான் இறங்க வேண்டும்.

தண்ணீரை மட்டும் விரும்பும் பொருள் அதற்குள் நுழையாது. எண்ணெயை மட்டும் விரும்பும் பொருள் நுழையும், ஆனால் அங்கேயே தங்கிவிடும். கீழே இருக்கும் உயிருள்ள தோல் நீர்ப்பாங்கானது, அதில் அது இறங்காது. 2000-ஆம் ஆண்டில் போஸ், மெய்னார்டி என்ற இருவர் ஒரு கட்டுரையில் எழுதியதை இன்றும் எல்லோரும் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்: 500 டால்டனுக்கு மேல் எடையுள்ள மூலக்கூறு நல்ல தோலைத் தாண்டுவது கடினம்.

இப்போது உங்கள் ஜெல்லுக்கு வருவோம். வல்லாரையின் பேர் சொல்லும் சத்து ஆசியாட்டிகோசைடு. மூன்று சர்க்கரை ஒட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறு, எடை 959. மஞ்சளின் குர்குமின் 368. எடை பரவாயில்லை, ஆனால் தண்ணீரில் கரைய மறுக்கும், வெளிச்சம் பட்டால் சிதையும். ஆகவே இந்த இரண்டுக்கும் ஏதாவது வாகனம் வேண்டும் என்று ஆய்வாளர்கள் யோசித்ததில் நியாயம் உண்டு.

12 ஜனவரி, மதியம்

சமைத்துக்கொண்டிருக்கும்போது நினைவுக்கு வந்தது. புண்ணில் வல்லாரை வைப்பது வேறு கதை. புண்ணிருக்கும் இடத்தில் அந்த மதிலே கிடையாது. 959 டால்டன் என்ற கணக்கெல்லாம் அங்கே தேவையில்லை. வல்லாரைச் சத்தில் செய்த மடேகாசோல் என்ற களிம்பை பிரான்சில் புண்ணுக்குப் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் பாட்டி, கத்தி கீறிய இடத்தில் வல்லாரையை அரைத்து வைத்துத் துணி சுற்றுவார். அவர் செய்ததற்கும் மூடிய முழங்கால் தோலில் ஜெல் தேய்ப்பதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது. விற்பவர்கள் முதலாவதற்கு இருக்கும் நல்ல பெயரை எடுத்து இரண்டாவதன் மேல் ஒட்டுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

14 ஜனவரி

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. பானை இறக்கியாயிற்று, கொஞ்ச நேரம் இருக்கிறது.

லிப்போசோம் என்பது என்ன என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். லெசித்தின் இருக்கிறதே, சோயாவிலும் முட்டை மஞ்சள் கருவிலும் இருப்பது, அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை விலகும். தண்ணீரில் விட்டால் தானாகவே இரட்டை அடுக்காகச் சேர்ந்து நுண்ணிய பையாக மூடிக்கொள்ளும். பைக்குள்ளே நீரில் கரைவதை வைக்கலாம், சுவருக்குள்ளே எண்ணெயில் கரைவதை வைக்கலாம். 1960-களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் இதை விவரித்தார். 1980-இல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகத்தில் மெசெய், குலசேகரம் என்ற இருவர் ஒரு ஸ்டீராய்டை இந்தப் பைகளில் அடைத்து முயலின் தோலில் பூசினார்கள். சாதாரணப் பூச்சைவிடப் பல மடங்கு மருந்து தோலில் தங்கியது, உடம்பின் மற்ற பகுதிகளுக்குக் குறைவாகப் போனது. 1986-இல் டியோர் நிறுவனம் லிப்போசோம் கிரீமைக் கடைக்குக் கொண்டுவந்தது.

1980 முடிவைத் திரும்பப் படியுங்கள். தோலில் அதிகம் தங்கியது, உள்ளே குறைவாகப் போனது. தோல் நோய்க்கு இது பெரிய வரம். முழங்காலுக்கு?

15 ஜனவரி

"அப்படியென்றால் ஆழமாகப் போகும் வகையே கிடையாதா?" என்று ஈப்போவிலிருந்து ஒருவர். இருக்கிறது. 1990-களில் கிரெகோர் செவ்ச் ஜெர்மனியில் டிரான்ஸ்ஃபெர்சோம் என்ற பையைக் கொண்டுவந்தார். லெசித்தினோடு சோடியம் கோலேட், டுவீன் 80 போன்ற, சோப்பு மாதிரி வேலை செய்யும் ஒன்றைச் சேர்த்தால் பைச்சுவர் நெகிழ்ந்துகொடுக்கும். தோலின் மேல்பக்கம் வறண்டது, உட்பக்கம் ஈரமானது. ஈரத்தைத் தேடி அந்தப் பை நெளிந்து உள்ளே இறங்கும் என்பது அவர் கருத்து. ஜெருசலேமில் எல்கா டூயிட்டு எத்தோசோம் என்ற பையைச் செய்தார். அதில் எத்தனால் என்ற ஆல்கஹால் 20 முதல் 45 விழுக்காடு வரை இருக்கும். எத்தனால் காரையைத் தளர்த்தும், பையையும் மிருதுவாக்கும். இத்தாலியின் இன்டெனா நிறுவனம் மூலிகைச் சத்தையும் லெசித்தினையும் மூலக்கூறு அளவிலேயே பிணைத்து ஃபைட்டோசோம் என்று பெயரிட்டது. மூலிகைக்காரர்களுக்கு நெருக்கமானது அதுதான்.

15 ஜனவரி, இரவு

மேலே "நெளிந்து உள்ளே இறங்கும்" என்று எழுதியதைப் படித்துவிட்டு, முழுப் பையும் இரத்தத்துக்குப் போய்விடுமா என்று பயந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். பயம் வேண்டாம். சாதாரண லிப்போசோம் முழுசாகத் தோலுக்குள் இறங்குவதில்லை என்பதே இப்போது பலர் ஏற்கும் கருத்து. 2013-இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஓர் ஆய்வில் பைகளுக்கு இரண்டு நிறச் சாயம் ஏற்றி மனிதத் தோலில் பார்த்தார்கள். உள்ளே முழுப் பைகள் தென்படவில்லை. பை மேல்படலத்தில் உடைகிறது, அதன் லெசித்தின் காரையோடு கலக்கிறது, அந்தக் குழப்பத்தில் சத்து கொஞ்சம் எளிதாக நகர்கிறது. நெகிழும் பைகள் விஷயத்தில் ஆய்வாளர்களின் விவாதம் இன்னும் முடியவில்லை.

19 ஜனவரி

இந்த இழையில் நான் எழுதப்போவதிலேயே முக்கியமானது இது என்று நினைக்கிறேன்.

அந்த ஜெர்மன் டிரான்ஸ்ஃபெர்சோமில் கீட்டோபுரோஃபென் என்ற வலி மருந்தை அடைத்து, முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் பெரிய அளவில் சோதித்தார்கள். ஒப்பிடுவதற்கு இன்னொரு குழுவுக்கு மருந்தில்லாத வெறும் பை கொண்ட ஜெல். வெறும் பை, மருந்துப் பைக்குச் சளைக்காமல் வலியைக் குறைத்தது. பின்னாளில் அந்த வெறும் பை ஜெல்லே, மருந்து இல்லாதது என்று சொல்லியே ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்தது.

இப்போது கடையில் விற்கும் மூலிகை ஜெல்லை நினைத்துப் பாருங்கள். தேய்த்தேன், குணம் தெரிந்தது என்று ஒருவர் மனமாரச் சொல்கிறார். எது குணம் தந்தது? வல்லாரையா, லெசித்தினா, ஜெல்லில் சேர்த்த மெந்தாலின் குளிர்ச்சியா, தினமும் பத்து நிமிடம் யாரோ அன்பாகக் காலைப் பிடித்துவிட்டதா? வெறும் பையோடு ஒப்பிடாமல் மூலிகைக்குப் பெயர் கொடுக்க முடியாது. விற்பவரிடம் நான் முதலில் கேட்பது இந்த ஒரு கேள்விதான்: சத்து இல்லாத அதே ஜெல்லோடு ஒப்பிட்டீர்களா? எங்கள் இடத்துக்கு ஜெல் செய்யச் சொல்லி வந்தவர்களில் இதற்கு ஆமாம் என்றவர் ஒருவர்கூட இல்லை.

20 ஜனவரி

அம்மாவுக்கு என்ன செய்வது என்று பட்டர்வொர்த் தம்பி மீண்டும் கேட்கிறார். மருந்துக்கடையில் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஜெல்லுக்கு முழங்கால் தேய்மானத்தில் நல்ல ஆதாரம் இருக்கிறது. 89 வெள்ளி ஆகாது. சிறுநீரகம், இரத்தக் கொதிப்பு, வேறு மாத்திரைகள் பற்றிக் கடையிலிருக்கும் மருந்தாளரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியையும் கிளினிக்கில் கேட்டுக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். தோலுக்குக் கீழே நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலைபோட்டிருக்கின்றன. மதிலைத் தாண்டிய பொருளில் பெரும்பங்கை அவை வாரிக்கொண்டு போய்விடும். மூட்டுக்குக் கிடைப்பது மிச்சம்.

2 பிப்ரவரி

வேலையிடத்து அனுபவம் கேட்டீர்கள். நான் பிறாயில் ஒரு சின்னத் தயாரிப்பு ஆய்வகத்தில் இருக்கிறேன். மூலிகைச் சத்து வரும்போது கரும்பச்சைக் கூழாக வரும். அதில் ஆசியாட்டிகோசைடு எத்தனை விழுக்காடு என்ற சான்றிதழ் பல நேரம் இருக்காது. "வல்லாரை 10 விழுக்காடு" என்று லேபிளில் போட்டால் அது கூழின் அளவு, சத்தின் அளவு இல்லை. மழைக்காலத்துச் செடியும் வெயில்காலத்துச் செடியும் ஒன்றாகாது.

ஒரு வாடிக்கையாளருக்கு லிப்போசோம் செய்தோம். கலவையை நுண்ணிதாக உடைக்கும் உயர் அழுத்த ஹோமோஜெனைசரில் ஓட்டி, துகள் அளவு பார்க்க வெளியே அனுப்பியபோது 150 நானோமீட்டர் வந்தது (மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு அவருடைய கிடங்கில் குளிர்சாதனம் இல்லாமல் புட்டிகள் கிடந்தன. நம் ஊர்ச் சூட்டில் பைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்தன, லெசித்தின் புளித்த எண்ணெய் வாடை அடித்தது, மஞ்சள் நிறம் வெளுத்தது. குளிரில் வைத்து விற்கச் சொன்னோம், செலவு என்று மறுத்துவிட்டார். லேபிளில் மட்டும் "நானோ" அப்படியே இருந்தது. வாங்கியவர்களை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

9 பிப்ரவரி

தைப்பூசம் நாளை மறுநாள். பினாங்கு வாட்டர்ஃபால் ரோட்டில் வெறுங்காலோடு நடக்கப்போகிறவர்கள் எந்த எண்ணெயை உள்ளங்காலில் தேய்க்கலாம், அது உடம்பு முழுக்கப் போகுமா என்று கேட்கிறார்கள்.

தோல் உடம்பெங்கும் ஒரே மாதிரி இல்லை. 1967-இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இருவர் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டை உடம்பின் பல இடங்களில் பூசி, எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையை 1 என்று வைத்தால் உள்ளங்கால் 0.14. தலைத்தோல் 3.5, நெற்றி 6, தாடைக் கோணம் 13, விதைப்பை 42. உள்ளங்காலில் தேய்ப்பது தோலை மிருதுவாக்கும், நடந்து களைத்த காலுக்கு இதமாக இருக்கும். உடம்புக்குள் மருந்து செலுத்த அதைவிட மோசமான இடம் கிடையாது. தாடையிலும் இடுப்பு மடிப்பிலும் கண்ட கிரீமையும் பூசுகிறவர்கள்தான் இந்த எண்களைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும்.

நடக்கிறவர்களுக்கு என் வாழ்த்து. நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

13 பிப்ரவரி

தைலம்தானே, வெளியே பூசுவதுதானே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்குக் கொஞ்சம் கடுமையாகவே பதில் சொல்கிறேன்.

என் சித்தப்பா இதய வால்வு அறுவைக்குப் பிறகு, இரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். இரத்தம் உறையும் நேரம் திடீரென்று எல்லை மீறிப் போயிருந்தது. மருந்தாளர் பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டபோது, முதுகுவலிக்கு வாரக்கணக்கில் காலையும் மாலையும் மெத்தில் சாலிசிலேட் தைலம் தேய்த்தது தெரியவந்தது. அது ஆஸ்பிரினின் உறவு. தோல் வழியே போய் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும் என்பது மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவானது. தைலத்தை நிறுத்திய பிறகு அளவு பழையபடி இறங்கியது.

கைக்குழந்தைக்குக் கற்பூரத் தைலம் வேண்டவே வேண்டாம். தோல் வழியாகவே போய் வலிப்பு வரவழைக்கலாம். மார்பில் சளி என்று பாட்டிமார் தேய்ப்பது பாசத்தில்தான், ஆனாலும் வேண்டாம்.

பயணத்தில் வாந்தி வராமல் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை 1979-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோல் வழி மருந்துப் பட்டைகளில் முதலாவது அது. அதன் மருந்து நம் ஊமத்தையிலும் இருக்கிற பொருள், 303 டால்டன். பூசுவது வேறு, சாப்பிடுவது வேறு என்று நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

22 பிப்ரவரி

பேக்கரிப் பொருள் விற்கும் கடையில் லெசித்தின் வாங்கி, வல்லாரைச் சாறோடு பிளெண்டரில் அடித்து வீட்டிலேயே லிப்போசோம் செய்ததாகக் கிள்ளானிலிருந்து ஒரு சகோதரி. ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் பிளெண்டரில் வருவது பெரிய, பல அடுக்குத் திரள்கள். 100 நானோமீட்டருக்கு இறக்க மீயொலிக் கருவியோ உயர் அழுத்த இயந்திரமோ வேண்டும். அதைவிடப் பெரிய கவலை கிருமி. தண்ணீர், செடிச் சாறு, லெசித்தின் மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு விருந்து. பாதுகாப்புப் பொருள் இல்லாமல் நம் ஈரக்காற்றில் சில நாள்கூடத் தாங்காது. தயவுசெய்து கீறல் உள்ள தோலில் பூசாதீர்கள். அன்றன்று அரைத்து அன்றன்று பூசிக் கழுவும் பழைய முறையே மேல்.

23 பிப்ரவரி

பழைய முறை என்று எழுதியதும் சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகள் ஞாபகம் வந்தன. பற்று, பூச்சு, ஒற்றடம், வேது, கட்டு, பொட்டணம், தொக்கணம் (தேய்த்துப் பிடித்துவிடுவது), களிம்பு என்று போகும். இன்றைய தோல் வழி மருந்து ஆய்வு அறிந்த பல வழிகள் இதில் இருக்கின்றன. கட்டுப்போட்டு மூடினால் தோல் ஈரமேறி ஊறும், ஊறிய தோல் அதிகம் உள்ளிழுக்கும். ஒற்றடத்தின் சூடு காரையை இளக்கும், இரத்த ஓட்டத்தைக் கூட்டும். நல்லெண்ணெயில் ஏராளமாக இருக்கும் ஒலெயிக் அமிலம் தனியாகப் பிரித்தெடுத்தால் தோலின் கொழுப்படுக்கைக் குலைத்து வழி திறக்கும். ஆய்வகங்களில் அது புகழ்பெற்ற ஊடுருவு பொருள்.

தொக்கணத்துக்கும் ஒரு சேதி உண்டு. பெர்லினில் லாடமன் குழுவினர் 2007-இல் பன்றிக் காதுத் தோலில் சுமார் 320 நானோமீட்டர் துகள்களைப் பூசித் தேய்த்தார்கள். தேய்க்கும்போது மயிர் அசைந்து துகள்களை மயிர்க்காலுக்குள் ஆழமாகத் தள்ளியது. துகளாக இல்லாத அதே சாயம் அவ்வளவு ஆழம் போகவில்லை, சீக்கிரமே வெளியேறியும்விட்டது. துகள் பல நாட்கள் அங்கேயே தங்கியது. முகப்பரு, பூச்சிவெட்டு மாதிரி மயிர்க்காலோடு சேர்ந்த நோய்களுக்கு மூலிகைத் துகள்களை நான் நம்பிக்கையோடு எதிர்பார்ப்பது இதனால்தான். முழங்காலைவிட அங்கேதான் இந்தத் துறைக்கு எதிர்காலம் என்று எனக்குத் தோன்றுகிறது.

8 மார்ச்

நோன்பு மாதச் சந்தையில் இன்னொரு "நானோ" எண்ணெய் பார்த்ததாகப் படம் அனுப்பியிருக்கிறார்கள். லேபிளை இப்படிப் படியுங்கள். NPRA என்று நாம் சொல்லும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவான பாரம்பரிய மருந்து என்றால் எண் MAL என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கி T என்று முடியும். NOT என்று தொடங்கினால் அது அழகுப் பொருள். அழகுப் பொருளை விற்குமுன் அந்த அமைப்பு சோதித்துப் பார்ப்பதில்லை, நிறுவனம் அறிவித்துவிட்டு விற்கிறது, சோதனை பிறகுதான். அழகுப் பொருள் வலியைக் குணமாக்கும் என்று எழுதவே கூடாது. படத்திலிருப்பது அழகுப் பொருள் எண், பக்கத்திலேயே "மூட்டுவலி தீரும்" என்ற வாசகம். அதுவே போதும், திருப்பி வைத்துவிடுங்கள். எண்ணை அமைப்பின் இணையத் தேடலில் யாரும் சரிபார்க்கலாம்.

பூசிய இரண்டு நாளில் அதிசயமாகக் குணமாகும் மூலிகைக் கிரீம் என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் ஸ்டீராய்டு. தோல் வெளுக்கும் கிரீம் என்றால் பாதரசம். இரண்டும் பலமுறை பிடிபட்டவை.

16 மார்ச்

மிண்டனில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மருந்தியல் பள்ளியில் படிக்கும் மாணவர் ஒருவர், இறுதியாண்டு வேலைக்கு வல்லாரை நானோ ஜெல் எடுக்கலாமா என்று கேட்கிறார். எடுங்கள் தம்பி, மகிழ்ச்சி. நான்கு ஜெல் செய்யுங்கள்: வெறும் ஜெல், வெறும் பை உள்ள ஜெல், பையில்லாத சத்து உள்ள ஜெல், சத்து அடைத்த பை உள்ள ஜெல். நான்கையும் ஒரே நாளில், ஒரே தோலில், ஃபிரான்ஸ் செல்லில் (மேல் அறையிலிருந்து தோல் வழியே கீழ் அறைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும் கருவி) ஓட்டுங்கள். பன்றித் தோலைத் தொடத் தயங்கும் நண்பர்கள் ஆய்வகத்தில் இருந்தால் செயற்கைச் சவ்வு கிடைக்கிறது. ஆனால் அதில் மயிர்க்கால் இல்லை என்பதை அறிக்கையில் எழுதிவிடுங்கள். ஆசியாட்டிகோசைடையும், அதில் சர்க்கரை நீங்கினால் வரும் ஆசியாட்டிக் அமிலத்தையும் தனித்தனியாக அளக்கவேண்டும். அமிலம் 489 டால்டன், அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். கீழ் அறையில் விழுந்ததை மட்டும் எண்ணாமல், தோலுக்குள்ளே தங்கியதையும் ஒட்டுநாடாவால் அடுக்கடுக்காக உரித்து அளந்து பாருங்கள். புட்டிகளில் பாதியைக் குளிர்ப்பெட்டியிலும் பாதியை வெளியே மேசையிலும் வைத்து, மூன்று மாதம் கழித்துத் துகள் அளவை மறுபடி எடுங்கள். முடிவு எப்படி வந்தாலும் இங்கே போடுங்கள், நாங்கள் படிக்கக் காத்திருக்கிறோம்.